ஊரின் மெய்ப்பாடு

நாள்தோறும் காலையில் செய்தித்தாளை விரிக்கும்போது சில சொற்றொடர்களை நாம் தவறாமல் காண்கிறோம். பெரியவர் ஒருவர் மறைந்தால் நாடே சோகக் கடலில் மூழ்குகிறது. தேர்தல் நெருங்கினால் தொகுதியெங்கும் பரபரப்பு மிகுகிறது. எங்கேனும் ஒரு கல் வீசப்பட்டால் நகரில் பதற்றம் நிலவுகிறது. விலைவாசி ஏறினால் மக்கள் கொதித்தெழுகின்றனர். திருவிழா வந்தால் ஊர் களைகட்டுகிறது. படித்துப் படித்து இவை நமக்குப் பழகிப்போய்விட்டன. 'இதை எழுதியவர் இதனை எப்படி அறிந்தார்?' என்று நாம் கேட்பதே இல்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. பாலம் இடிந்தது என்று ஒரு நிருபர் எழுதினால், இடிந்த பாலத்தை அவர் நேரில் பார்த்திருக்கலாம். இத்தனை பேர் காயமுற்றனர் என்று எழுதினால், மருத்துவமனையில் விசாரித்திருக்கலாம். ஊர் அஞ்சியது என்று எழுதும்போது அவர் பார்த்தது எதனை? அருகில் அமர்ந்திருக்கும் நண்பரின் உள்ளத்தையே நாம் முழுதும் அறிவதில்லை. அப்படியிருக்க, பல லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தின் உள்ளத்தை ஒரு மாலைப் பொழுதில் அறிந்து, அதை ஒரே வரியில் எழுதியும் முடித்துவிடுகிறோம். நிருபர் தொழிலில் பல்லாண்டுகள் உழன்ற நாமும் அவ்வாறு எழுதியவர்தாம். அந்த அனுபவத்தில் கண்ட சிலவற்றை நேயர்களுக்குச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

உள்ளத்து உணர்வு கண்ணுக்குத் தெரியாதது. அது உடலின்மேல் தோன்றும்போதுதான் பிறருக்குப் புலனாகிறது. இந்த உண்மையைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டு, அதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டிருக்கிறது. மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கென்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை முதலாக மெய்ப்பாடுகள் எட்டு என்றும், ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அது வகுத்துக் காட்டுகிறது. அழுகையை எடுத்துக்கொள்வோம். அது பிறரால் இகழப்படுவதாலும் பிறக்கும், உரியதை இழப்பதாலும் பிறக்கும், முன்னிருந்த நிலையிலிருந்து தளர்வதாலும் பிறக்கும், வறுமையாலும் பிறக்கும். கண்ணீர் ஒன்றுதான், அதன் ஊற்றோ நான்கு. கவிஞருக்கும் கூத்தருக்கும் வகுத்த இலக்கணம் இது. எனினும் நிருபருக்கும் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது நம் எண்ணம்.

இதை நாம் கற்றுக்கொண்டது ஏட்டிலிருந்து அன்று. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோசி ஆறு நேபாளத்தில் குசஹா என்னுமிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு, பல பத்தாண்டுகளுக்கு முன்பே தான் விட்டு விலகியிருந்த பழைய தடத்தில் பாய்ந்தது. வட பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவதிக்குள்ளாயினர். நாமும் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தோம். துயர் நீக்கும் முகாம் ஒன்றில் கிச்சடி வழங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் தட்டேந்தி நின்ற நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் ஓசையின்றி அழுதுகொண்டிருந்தார். 'வெள்ளத்தில் வீட்டை இழந்த துயரம் தாளாமல் கண்ணீர் வடித்தார்' என்று நம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அவரைக் கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. அதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

உடன் வந்த உள்ளூர் இளைஞர் அவரிடம் மைதிலியில் பேச்சுக் கொடுத்தார். வீடு போனதை அந்த அம்மையார் பெரிதாகச் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு வீடு போவதும் மீண்டும் கட்டுவதும் புதிதல்ல என்றார். அறுவடைக் காலத்தில் தம் வயலில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் தம் கையால் சோறு போட்டவராம் அவர். அவர்களுள் சிலர் அதே வரிசையில் அவருக்குப் பின்னே நின்றிருந்தார்கள். அவர்கள் பார்க்கத் தாம் தட்டேந்தி நிற்க நேர்ந்ததே என்பதுதான் அவர் அழுகை. இழப்பு என்று நாம் எழுதிவைத்திருந்தோம், அது இளிவு. நாம் எழுதிய வாக்கியத்தில் கண்ணீர் மட்டுமே மெய். மற்றவை எல்லாம் நம் கற்பனை. அந்த முகாமில் வேண்டியிருந்தது சோறு மட்டுமன்று, சோறு வழங்கும் முறையில் சிறிது மரியாதையும்தான் என்னும் செய்தி அந்தக் கற்பனைக்குள் மறைந்துபோக இருந்தது.

ஒருவரின் அழுகையிலேயே இத்தனை பிழை நேருமாயின், பெருங்கூட்டத்தைக் குறித்து எழுதுவதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! கூட்டத்தை வருணிப்பதில் வானொலிக்கு ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் காந்தியடிகளின் இறுதி ஊர்வலம் டில்லியில் பிர்லா மாளிகையிலிருந்து யமுனைக் கரைக்குச் சென்றது. அதனை அகில இந்திய வானொலிக்காக ஆங்கிலத்தில் நேர்முக வருணனை செய்தவர் மெல்வில் டி மெல்லோ. ஏறத்தாழ ஏழு மணி நேரம் அவர் பேசினார். நேயர்களால் எதையும் பார்க்க இயலாது. 'மக்கள் துயரத்தில் ஆழ்ந்துள்ளனர்' என்று ஒரு முறை சொல்லலாம், இரு முறை சொல்லலாம். ஏழு மணி நேரம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? உணர்ச்சிக்குரிய சொற்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். கண்ணெதிரே கடந்து செல்லும் காட்சிகள் தீர்வதில்லை. நேர்முக வருணனை என்னும் கலை நிற்பது இந்த அடிப்படையில்தான். பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே போனால், துயரம் என்னும் சொல்லை உச்சரிக்காமலே கேட்பவர் நெஞ்சில் துயரம் வந்து நிறையும்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்வோம். நம் நாட்டுச் செய்திகளில் நெடுங்காலமாக வழங்கும் வாக்கியம் ஒன்று உண்டு: 'நிலைமை பதற்றமாக இருப்பினும் கட்டுக்குள் இருக்கிறது.' இதில் பின்பாதி அதிகாரிகள் சொல்வது; முன்பாதி நிருபர் சேர்ப்பது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஆதாரம் காட்டப்படுவதில்லை. இந்தச் சிறு வாக்கியம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு நாமே சாட்சி.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஒரு செய்தி நிறுவனத்தில் பணியாற்றி வந்தோம். வடநாட்டில் நெசவாளர் மிகுதியாக வாழும் சிறு நகரம் ஒன்றில் ஊர்வலத்தின்மீது எவரோ கல்லெறிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மாலையில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு கடைகளின் கண்ணாடி உடைந்திருந்தது. காவலர் வண்டி ஒன்று நாற்சந்தியில் நின்றது. நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் அமர்ந்து கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினோம். பிறகு தொலைபேசியில் அலுவலகத்துக்குச் செய்தி சொன்னோம். 'நகரில் பெரும் பதற்றம் நிலவுகிறது. மக்கள் பீதியில் உறைந்துள்ளனர்' என்பது அதன் முதல் வரி. அன்று இரவு அவ்வூரில் வேறொன்றும் நிகழவில்லை.

மறுநாள் காலை பத்து மணியளவில் நம் செய்தியைத் தாங்கிய நாளேடு பேருந்தில் வந்து இறங்கியது. பதினோரு மணிக்குக் கடைத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நேற்றுப் பேசிய தேநீர்க் கடைக்காரரும் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். "பாபுஜி, நேற்று இராத்திரி பத்து மணி வரை கடையைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஊரே பயந்து கிடக்கிறது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதே! நமக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறது போலும் என்று எல்லோரும் மூடுகிறார்கள், நானும் மூடுகிறேன்" என்றார். அவர் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. அதை எழுதியவர் நாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

நூல் வியாபாரிகள் மூன்று நாள் அந்த ஊர்ப் பக்கம் வரவில்லை. நாட்கூலியை நம்பிய நெசவாளர் வீடுகளில் அந்த மூன்று நாளும் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். பெயரைத் தவறாக அச்சிட்டால் திருத்தம் வெளியிடுவார்கள். தொகையைத் தவறாக எழுதினால் வருத்தம் தெரிவிப்பார்கள். இல்லாத அச்சத்தை எழுதியதற்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் நாமறிந்த எந்தப் பத்திரிகையிலும் இல்லை. மேலும், மறுநாள் அந்த அச்சம் உண்மையாகவே ஆகிவிட்டது. பிறகு எதைத் திருத்துவது?

அன்று மாலை நாம் செய்திருக்க வேண்டியது கடினமான காரியமே அன்று. கடைத்தெருவை ஒரு முறை நடந்து முடித்திருக்கலாம். திறந்திருந்த கடைகள் எத்தனை, மூடியவை எத்தனை என்று எண்ணியிருக்கலாம். பெண்களும் குழந்தைகளும் தெருவில் நடமாடுகிறார்களா என்று பார்த்திருக்கலாம். ஓர் ஊரின் அச்சத்தை அளக்க அதைவிடச் சிறந்த கோல் இல்லை. பால் வழக்கம்போல் வந்ததா, தறியின் ஓசை கேட்கிறதா, கடைசிப் பேருந்தில் ஏறுகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஏறுகிறார்களா, வெறுங்கையோடு ஏறுகிறார்களா என்று கவனித்திருக்கலாம். இவற்றை எழுதிவிட்டுப் பதற்றம் உண்டா இல்லையா என்பதைப் படிப்பவரிடமே விட்டிருக்கலாம். நாமோ நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரே ஒரு கடையில் அமர்ந்துவிட்டு, அதனை ஊர் என்று எண்ணிக்கொண்டோம். வெளியூர் நிருபர்கள் பலருக்கு மக்கள் என்பவர் நிலையத்திலிருந்து ஏற்றிச்சென்ற வண்டிக்காரரும் விடுதிச் சிப்பந்தியும்தாம்.

காலத்தின் மனநிலையை எழுதுவது இவ்விரண்டினும் அரிது. அங்கே நிருபரின் கவனக்குறைவு மட்டுமன்றி, ஆட்சியின் விருப்பமும் குறுக்கே வந்து நிற்கும். 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். முந்தின ஆண்டு அக்டோபரில் மேதினிபூரைப் புயல் அழித்திருந்தது. பர்மா ஜப்பானியர் வசமாகிவிட்டதால் அங்கிருந்து அரிசி வருவது நின்றுவிட்டது. போர்க்காலத்தில் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. கிராமத்து மக்கள் கல்கத்தாவின் நடைபாதைகளுக்கு வந்து விழுந்து இறந்தார்கள். எனினும் பஞ்ச நிவாரணச் சட்டத்தின்படி பஞ்சம் என்று அரசு அறிவிக்கவே இல்லை. உணவு நிலைமை சற்றுக் கடினம் என்பன போன்ற மழுப்பல்களே வழங்கின. செய்தித் தணிக்கையும் இருந்தது.

அப்போது கல்கத்தாவில் ஆங்கிலேயர் உடைமையாக இருந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ் ஒரு வழி கண்டார். ஆகஸ்டு 22ஆம் நாள் நடைபாதையில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டார். எலும்பும் தோலுமான உடல்கள், அவ்வளவுதான். மக்கள் உள்ளம் எரிமலையாகக் குமுறுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தால், அது மிகை என்று அதிகாரிகள் தள்ளிவிட்டிருப்பார்கள். படத்தில் கிடந்த உடலை மிகை என்று எவரால் சொல்ல முடியும்? அதன் பின்னர் அந்தப் பஞ்சத்தை டில்லியிலோ இலண்டனிலோ மூடிமறைக்க இயலாதுபோயிற்று. பின்னர் அமைந்த விசாரணைக் குழு இறந்தோர் ஏறத்தாழ 15 லட்சம் என்று கணித்தது. 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் மதிப்பீடு. சென்னை இந்து நாளிதழின் நிருபரான டி. ஜி. நாராயணனும் வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எழுதினார். 1944இல் அது நூலாகவும் வந்தது. அந்தக் காலத்தின் மனநிலை இன்று நமக்குத் தெரிவது இவர்கள் கண்டு பதிந்தவற்றால்தானே ஒழிய, எவரும் கையாண்ட அடைமொழிகளால் அன்று.

அமைதி என்னும் சொல்லும் நிருபரை ஏமாற்றவல்லது. 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது, தணிக்கை வந்தது. 28ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுத இயலாத நிலையை அந்த வெற்றிடமே சொல்லிற்று. அதன்பின் ஊர்வலங்களும் வேலைநிறுத்தங்களும் பெரிதும் குறைந்தன. நாடு ஒழுங்காகவும் நிறைவாகவும் இருப்பதாக ஏடுகள் எழுதின. வாய் மூடியிருப்பவர் நிறைவோடு இருக்கலாம், அச்சத்தோடும் இருக்கலாம். வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஒன்றே. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவற்றுள் வற்புறுத்திச் செய்தவை வட மாநிலங்களில் மிகுதி என்பது பின்னர்தான் பரவலாக வெளிவந்தது.

1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேர்தல் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகளில் ஒன்றிலும் காங்கிரசு வெல்லவில்லை, பிரதமரே தோற்றார். பீகாரில் 54இல் ஒன்றும் இல்லை. 'இந்திய மக்களின் சினம்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆனால் அதே நாளில் எண்ணிய வாக்குகளில் ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41ஐ அதே கட்சி வென்றிருந்தது. அப்படியானால் இந்தியாவின் மனநிலை எது? ஒன்று இருந்ததாகச் சொல்வதே பிழை. இமயம் முதல் குமரி வரை ஒரே உள்ளம் ஒரே நாளில் ஒரே உணர்ச்சி கொள்வது மிக அரிது. நாட்டின் மனநிலை என்று டில்லியில் எழுதுகிறவர், பெரும்பாலும் டில்லியைச் சுற்றியுள்ள நிலத்தின் மனநிலையையே எழுதுகிறார்.

பின்னரும் இதே பாடம் பலமுறை நடந்தது. 2004இல் இந்தியா ஒளிர்கிறது என்னும் விளம்பரம் ஊரெங்கும் ஒளிர்ந்தது. மே 13ஆம் நாள் வாக்கு எண்ணியபோது ஆளுங்கூட்டணி தோற்றிருந்தது. 2024இல் வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியான கணிப்புகள் பல, ஆளுங்கூட்டணிக்கு 350க்கும் மேற்பட்ட இடங்களைத் தந்தன. ஜூன் 4ஆம் நாள் கிடைத்தவை 293. இப்போது சமூக ஊடகங்களும் சேர்ந்துவிட்டன. கைப்பேசியில் சில ஆயிரம் பேர் வைதால், 'நாடே கொந்தளிக்கிறது' என்று மாலைக்குள் செய்தி ஆகிவிடுகிறது. கொந்தளித்தவர்களைக் காண எவரும் வாயிலைத் தாண்டிச் செல்வதில்லை.

அப்படியானால் மனநிலையை எழுதவே கூடாதா? கூடாது என்று நாம் சொல்லவில்லை. மனிதர் உள்ளத்தை விட்டுவிட்டுக் கணக்குகளை மட்டும் எழுதினால் அது பத்திரிகை ஆகாது, பதிவேடு ஆகும். நாம் சொல்வது, போய்க் கேட்க வேண்டும் என்பதே. குசும் நாயர் என்னும் பெண் பத்திரிகையாளர் 1950களின் இறுதியில் நாடெங்கும் கிராமங்களில் சுற்றினார். திட்டங்கள் வந்தால் உழவர்கள் மேலும் மேலும் விரும்பி முன்னேறுவார்கள் என்று திட்டம் தீட்டியவர்கள் கருதியிருந்தார்கள். அவரோ உழவர்களிடமே சென்று, உமக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். கிடைத்த விடைகள் பல இடங்களில் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தன. ஆசைக்கும் ஓர் எல்லையுண்டு. அந்த எல்லை ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வேறுபடுகிறது என்று கண்டார். 1961இல் வெளியான அவருடைய நூல் பொருளாதார அறிஞர்களையும் சிந்திக்க வைத்தது. எளிய கேள்விதான், ஆனால் அதைக் கேட்க அவர் அத்தனை தொலைவு நடக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொறுப்பு எழுதுகிறவருக்கு மட்டும் உரியதன்று. படிப்பவருக்கும் கேட்பவருக்கும் அதில் பங்குண்டு. ஊர் அஞ்சுகிறது, மக்கள் மகிழ்கின்றனர், நாடு கொதிக்கிறது என்று செய்தி வரும்போது நாம் சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். நிருபர் எங்கே நின்றார்? எந்த நேரத்தில் நின்றார்? எத்தனை பேரிடம் பேசினார்? அவர்கள் மொழி அவருக்குத் தெரியுமா? எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்? இவற்றுக்கு விடை செய்தியிலேயே இருந்தால் நம்பலாம். இல்லையெனில், அந்த வரியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம். முக்கியமாக, அதை நம்பிக் கடையை மூடுவதற்கு முன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

அந்த நெசவாளர் நகரத்துக்குப் பின்னர் ஒருமுறை வேறு பணியாகச் சென்றிருந்தோம். தேநீர்க் கடை அங்கேயே இருந்தது. கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, திறந்திருந்த கடைகளை எண்ணினோம். தறியோசை தெருவின் இருபுறமும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று எழுத வேண்டிய செய்தி எதுவும் இல்லை. ஆயினும் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். அதற்குப் பின் எந்த ஊரில் இறங்கினாலும், ஒரு சொல் எழுதுமுன் அந்தத் தெருவை நடந்து முடிப்பது நம் வழக்கமாயிற்று.